கட்டின கர்னலை ஓரங்கட்டும் அப்கிரேடு

கர்னல் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கில் உட்கார்ந்து டிரைவர் டிரைவராகப் பார்த்து, தேவையில்லாததைக் கழித்து, கம்பைல் முடியக் காத்திருந்து லினக்ஸின் மையமான கர்னலை நாமே கட்டுகிறோம். அப்புறம் உபுண்டுவின் பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்கிரேடு ஒன்று ஓடுகிறது. ரீபூட் செய்து, எந்தக் கர்னல் ஓடுகிறது என்று காட்டும் யூனேம் அடித்தால் வேறு கர்னல்! ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயிறு எரியாதா?

எவரைக் கேட்டாலும் "உன் கர்னலை ஹோல்டு பண்ணு", அதாவது ஆப்ட் தொடாதபடி பூட்டிவை என்கிறார்கள். அது மருந்தே இல்லை. உங்கள் கர்னல் பூட் டைரக்டரியில் பத்திரமாகத்தான் கிடக்கிறது. பக்கத்தில் புதிது ஒன்றைக் கொண்டுவந்து இறக்குவது, எப்போதும் புதிய கர்னலையே சுட்டும் மெட்டா பேக்கேஜ். உபுண்டு 24.04-இல் எச்டபிள்யூஇ (புது வன்பொருளுக்கான கர்னல் வரிசை) மெட்டா 6.11-இல் இருந்தவரை 6.12 கட்டியவர்களுக்குத் தொல்லை இல்லை. 2025 ஆகஸ்டில் 24.04.3 வந்தது, மெட்டா 6.14-க்குத் தாவியது. பூட் ஆகும்போது கர்னலை ஏற்றும் க்ரப், எண் பெரியதை மெனுவில் மேலே வைக்கும். க்ரப் டீஃபால்ட் 0 என்றால் மேலே இருப்பதுதான் பூட் ஆகும். மெனுவையாவது காட்டுமா? டைம்அவுட் ஸ்டைல் ஹிடன், டைம்அவுட் 0. "உன் டீஃபால்ட் மாறப்போகிறது" என்று இன்ஸ்டால் ஆகும்போது ஒரே ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்?

க்ரப்பின் அமைப்பு ஃபைலில் டீஃபால்டை சேவ்டு (கடைசியாகத் தேர்ந்தது) என்று மாற்றி, சேவ்டீஃபால்டை ட்ரூ ஆக்கினாலும் ஒரு பொறி இருக்கிறது. மெனுவின் முதல் வரியைத் தேர்ந்தால் க்ரப் நினைவில் வைப்பது அந்த வரியை, கர்னல் எண்ணை அல்ல. நாளை அந்த வரிக்குள் 6.14 வந்து உட்காரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய் உங்கள் 6.12-ஐத் தேர்ந்தால்தான் நிற்கும். ஃபைலை மாற்றியபின் அப்டேட்-க்ரப் ஓட்ட மறக்காதீர்கள். பூட் டைரக்டரி எல்விஎம்மில் (டிஸ்க்கைத் தருக்கப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை) இருந்தால் க்ரப்பால் அங்கே எழுத முடியாது, சேவ்டீஃபால்டும் வேலைக்கு ஆகாது.

ஹோல்டு போட்டே ஆகவேண்டும் என்றால் ஆப்ட்-மார்க் ஹோல்டை ஜெனரிக், இமேஜ், ஹெடர்ஸ் (மாட்யூல் கட்டத் தேவையான ஃபைல்கள்) என்று மூன்று மெட்டாவுக்கும் போடுங்கள்.  டிஸ்ட்ரோ (உபுண்டு) கர்னல் ஒன்றை மட்டும் ஆபத்துக்கு வைத்திருங்கள். ஆனால் ஹோல்டு போட்ட அன்றோடு டிஸ்ட்ரோவின் கர்னல் செக்யூரிட்டி பேட்ச் நின்றுபோகும். அதைச் சொல்லாமல் ஹோல்டு போடச் சொல்பவர்கள்மேல்தான் கோபம் கூடுதலாக வருகிறது. 6.12-இன் ஒவ்வொரு பேட்ச் வெளியீட்டுக்கும் பழைய கான்ஃபிக்கை எடுத்து ஓல்ட்டெஃப்கான்ஃபிக் (புது ஆப்ஷன்களுக்கு டீஃபால்டைப் போடும்), பின்டெப்-பிகேஜி (டெப் பேக்கேஜாகக் கட்டும்) என்று நீங்களேதான் திரும்பக் கட்டவேண்டும். கர்னல் எண்ணின் கடைசியில் ஒட்டும் லோக்கல்வெர்ஷனில் உங்கள் பெயரொட்டு இருக்கட்டும். இமேஜ் டெப்போடு ஹெடர்ஸ் டெப்பையும் போடுங்கள், இல்லாவிட்டால் கர்னலுக்கேற்ப டிரைவர்களைத் திரும்பக் கட்டும் டிகேஎம்எஸ்ஸால் என்விடியா மாட்யூலைக் கட்ட முடியாது.