பிள்ளைவாள் எப்போ திமிரிக்குப் போனாரு?

"தேன் சொட்டும் நாதம்", "எதிரே உட்கார்ந்து வாசிப்பது போல" என்றெல்லாம் எழுதித் தள்ளும் இசைத்தட்டு விமர்சகர்களே, எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக் கேட்டதுண்டா?

உங்களில் ஒருவரை நம்பித்தான் போன மாதம் தருமபுரியிலிருந்து பஸ் ஏறி, பெங்களூரு வெயிலில் கடை கடையாக அலைந்து, 900 ரூபாய் கொடுத்து நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளிலிருந்து எடுத்த சிடி தொகுப்பு ஒன்றை வாங்கி வந்தேன். "இதுவரை வந்த பிரதிகளிலேயே இதுதான் உச்சம்" என்று எழுதியிருந்தார் அந்த மனிதர். வீட்டுக்கு வந்து தோடி ராகத்தைப் போட்டால் ஏதோ துரத்திக்கொண்டு வருவது போல ஓடுகிறது. அப்பா பதிந்து வைத்த கேசட்டில் இதே பக்கம் மூன்றரை நிமிடம், இதில் 3 நிமிடம் 18 விநாடி. கிட்டத்தட்ட 6 சதவீத வேகம், அதாவது சுருதி முழுசாக அரைக் கட்டை, ஒரு ஸ்வரஸ்தானம் அளவு, மேலே.

சரி, அப்பாவின் கேசட்டே மெதுவாக ஓடியிருக்கலாம், டேப் சமாச்சாரத்தை நம்பக் கூடாது என்று குமாரசாமிப்பேட்டையில் இருக்கிற நாதஸ்வரக்காரப் பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்து போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை. "என்னப்பா இது, பிள்ளைவாள் எப்போ திரும்பத் திமிரிக்குப் போனாரு?" என்றார். திமிரி என்கிற குட்டை நாயனத்தின் கீச்சு சுருதியை விட்டுவிட்டு, நீளமான பாரி நாயனத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தவரே ராஜரத்தினம் பிள்ளைதான். அந்தக் கனத்துக்குத்தான் ஊரே மயங்கியது. அதை வேகமாக ஓட்டி மறுபடி இளைக்க வைத்திருக்கிறார்கள், நம் விமர்சகர் அதற்கு "புதுப் பளபளப்பு" என்று பெயர் வைக்கிறார்!

கூடவே "இரைச்சல் சுத்தமாக இல்லை" என்று ஒரு பாராட்டு வேறு. ஆமாம், இல்லைதான். இரைச்சலோடு பின்னால் விடாமல் ஒலித்த சுருதியும் போய்விட்டது, தவிலின் வலது பக்கமான வலந்தலையின் கிண்ணென்ற ஓசை அட்டையைத் தட்டுவது போல இருக்கிறது. 78 தட்டின் பள்ளம் அகலம், அதற்கு, பின்னால் வந்த எல்பி தட்டுகளின் ஊசியைவிட மூன்று மடங்கு பருத்த ஊசி வேண்டும். எல்பி ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையைத்தான் வாசிக்கும், அப்புறம் அதை வடிகட்டுகிறேன் என்று பாட்டையும் சேர்த்து வடிகட்ட வேண்டியதுதான். எந்தத் தட்டு, எந்த ஊசி, வேகத்தை எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று ஒரு வரி உண்டா அந்த விமர்சனத்தில்? அட்டைப் படத்துக்கு மட்டும் ஒரு பத்தி.

கல்கி "கர்நாடகம்" என்ற பெயரில் கச்சேரி விமர்சனம் எழுதிய காலத்தில், அதே கச்சேரியைக் கேட்டவர்கள் நூறு பேர் சண்டைக்கு வர முடிந்தது. இங்கே நான் காசைக் கொட்டி வாங்கின பிறகுதானே சண்டைக்கே போக முடிகிறது.

போனேன். அந்த விமர்சகருக்குக் கணக்கெல்லாம் போட்டு எழுதினேன். "அதெல்லாம் அவரவர் ரசனை சார்" என்று ஒரு வரியில் பதில். அரைக் கட்டை எப்படி ஐயா ரசனை ஆகும்?