டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்

'ஜவ்வாது மலையில் டவர் கிடைக்காது, ஜியோகேச்சிங்குக்கு அங்கே போவது வீண்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. ஜியோகேச்சிங் என்பது ஒருவர் ஒளித்துவைத்த டப்பாவை இன்னொருவர் ஜிபிஎஸ் வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஜிபிஎஸ் சிக்னல் செயற்கைக்கோளிலிருந்து நேராக வருகிறது. அதற்கு டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். டேட்டா இருந்தால் முதல் தடவை இடத்தைப் பிடிப்பது சீக்கிரம் நடக்கும், அவ்வளவுதான். இல்லையென்றால் திறந்த வெளியில் சில நிமிடம் பொறுக்க வேண்டும். டேட்டா தேவைப்படுவது வரைபடத்துக்கு. அதையும் டப்பா பற்றிய குறிப்பையும் வேலூரிலேயே வைஃபையில் இறக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

உண்மையான தொல்லை பாறைதான். வெட்டவெளியிலேயே போன் காட்டும் இடம் சுமார் 5 மீட்டர் பிசகும். வேலூர் பக்கத்துப் பாலமதி மலையில் நண்பன் ஒளித்துவைத்த டப்பாவைத் தேடிப் பெரிய பாறையை ஒட்டி நின்றபோது, அம்புக்குறி அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருந்தது. சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தால் இப்படித்தான் ஆகும். இருபதடி தள்ளி வந்த பிறகுதான் அடங்கியது. அப்புறம் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடினேன். ஆடு மேய்த்த பெரியவர், 'என்னப்பா தொலைச்சே?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் கூடவே குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.