ரத்தப் பிரிவு பொருந்தினால் மட்டும் போதாது
ரத்தம் ஏற்றும்போது ஏபிஓ பிரிவும் (ஏ, பி, ஏபி, ஓ) ஆர்எச்சும் (பாசிட்டிவ், நெகட்டிவ்) பொருந்தினால் பயமில்லை என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது பாதி உண்மைதான். சிவப்பணுவின் மேல் கெல், டஃபி, கிட் என்று இன்னும் நிறைய ஆன்டிஜென்கள், அதாவது அணு தன்னுடையதா அந்நியமா என்று உடம்பு கண்டுகொள்ளும் அடையாளங்கள், உண்டு. முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், பிள்ளை பெற்றவர்கள் உடம்பில் இவற்றுக்கு எதிரான ஆன்டிபாடி (அந்நியமானதைத் தாக்க உடம்பு உண்டாக்கும் புரதம்) உருவாகியிருக்கலாம். இதில் கிட் ஆன்டிபாடி சரியான கள்ளன். நாளாக ஆக அளவு குறைந்து பரிசோதனையில் தெரியாமலே போய்விடும், கிராஸ் மேட்சும் (கொடுப்பவர் ரத்தத்தையும் பெறுபவர் ரத்தத்தையும் கலந்து பார்க்கும் சோதனை) பொருந்தியதாகவே வரும், அப்புறம் அதே ஆன்டிஜென் உள்ள ரத்தம் ஏறியதும் உடம்பு பழைய பகையை நினைவு வைத்து மளமளவென்று ஆன்டிபாடியைப் பெருக்கி, ஏற்றிய அணுக்களை உடைக்க ஆரம்பிக்கும். ஒரு வாரம் போலக் கழித்துக் காய்ச்சல், கண்ணில் மஞ்சள், ஏறின ஹீமோகுளோபின் மறுபடி இறக்கம். அதற்குள் வீட்டுக்கு வந்திருப்பார்கள், யாருக்கும் ரத்தம் ஏற்றியது ஞாபகத்துக்கே வராது! ஆன்டிபாடி இருப்பதாக ஒருமுறை எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டை அடுத்த மருத்துவமனையிலும் காட்டுங்கள், புதுப் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும்கூட.