போட்டியாளர் எழுதிக்கொடுத்த கேள்வித்தாள்

மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷனை வாங்குவது பற்றிய வழக்கில், 2023 ஜூன் கடைசியில் சான்ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் தாக்கலான ஒரு தாளை நான் மறக்கப்போவதில்லை. சோனியின் வணிக ரகசியங்கள் அடங்கிய தாள். வெளியே தெரியக்கூடாத எண்களின் மேல் யாரோ கறுப்பு மார்க்கர் பேனாவால் அழுத்திக் கோடு இழுத்திருந்தார்கள். அதை அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டார்கள். ஸ்கேனரின் வெளிச்சத்தில் மையின் அடியில் இருந்தது மங்கலாகத் தெரிந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர்கள் படித்துவிட்டார்கள். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' வீடியோ விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு ஆன செலவு 22 கோடி டாலர். 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' 21.2 கோடி. சோனியின் கன்சோலான, அதாவது விளையாட்டுப் பெட்டியான, பிளேஸ்டேஷனில் கால் ஆஃப் டூட்டி என்கிற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைத் தவிர வேறெதையும் தொடாதவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர்.

அந்த மூன்றாவது எண்ணைச் சுற்றித்தான் உலகத்தின் போட்டி ஆணையங்கள் இருபத்தொரு மாதம் மல்லுக்கட்டின. கதை தெரியாதவர்களுக்காக: 2022 ஜனவரி 18 அன்று மைக்ரோசாஃப்ட், வீடியோ விளையாட்டு நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிசார்டை 6,870 கோடி டாலருக்கு, முழுவதும் ரொக்கமாக, வாங்கப்போவதாக அறிவித்தது. கால் ஆஃப் டூட்டி, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், கேண்டி கிரஷ் எல்லாம் ஒரே கூடையில். விளையாட்டுத் துறையில் அதுவரை நடந்த கொள்முதல்களிலேயே பெரியது. எக்ஸ்பாக்ஸ் என்கிற கன்சோலை விற்கும் மைக்ரோசாஃப்ட் கால் ஆஃப் டூட்டியையும் கையில் வைத்துக்கொண்டு அதைப் பிளேஸ்டேஷனுக்குத் தராமல் விட்டால் என்ன ஆகும்? இதுதான் கேள்வி. கடைக்காரரே சரக்குக் காய்ச்சும் ஆலையை வாங்கிவிட்டால் எதிர்க்கடைக்குச் சரக்குப் போகுமா என்கிற பழைய சந்தேகம்.

நியாயமான சந்தேகம்தான். இதற்கு முன் ஜெனிமேக்ஸ் என்கிற விளையாட்டு நிறுவனத்தை 750 கோடி டாலருக்கு வாங்கியபோது மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்திருந்தார்கள். அந்த நிறுவனத்தின் 'ஸ்டார்ஃபீல்டு' வெளியானபோது பிளேஸ்டேஷனுக்கு வரவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை முதலில் உரக்கக் கேட்டது யார் என்பதில்தான் எனக்கு உறுத்தல். சோனி. பல பிரத்யேக விளையாட்டுகளைத் தன் கன்சோலுக்குள் பூட்டி வைத்து வளர்ந்த சோனி. ஒப்பந்தம் அறிவிக்கப்பட்ட நாட்களில் அதன் விளையாட்டுப் பிரிவுத் தலைவர் ஜிம் ரையன் தன் பழைய மேலதிகாரி ஒருவருக்கு எழுதிய மின்னஞ்சல் பிறகு நீதிமன்றத்தில் வெளிவந்தது. இது பிரத்யேக உரிமைக்கான ஆட்டமே இல்லை, கால் ஆஃப் டூட்டி இன்னும் பல ஆண்டுகள் பிளேஸ்டேஷனில் இருக்கும், நமக்கு ஒன்றும் ஆகாது என்கிற தொனியில் எழுதியிருந்தார். அதே மனிதர்தான் ஆணையங்களின் வாசலில் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

என் தரப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2022இல் நான் இந்த இணைப்பை ஆதரித்தேன், நண்பர்களோடு சண்டையும் போட்டேன். காரணம் கால் ஆஃப் டூட்டி இல்லை. அமெரிக்கத் தகவல் தொடர்புத் தொழிலாளர் சங்கம், சி.டபிள்யூ.ஏ., அந்த ஜூனில் மைக்ரோசாஃப்டோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. ஆக்டிவிஷன் ஊழியர்கள் சங்கம் அமைத்தால் நிர்வாகம் குறுக்கே நிற்காது என்பது அதன் சாரம். ஊழியர்களை நடத்திய விதத்துக்காகக் கலிஃபோர்னியா அரசே 2021இல் வழக்குப் போட்ட நிறுவனம் ஆக்டிவிஷன். அங்கே வேலை செய்பவர்களின் சங்கமே இணைப்பு வரட்டும் என்கிறது, நமக்கென்ன என்று நினைத்தேன். இன்று யோசித்தால், முழு விவகாரத்திலும் ஊழியர் என்கிற மனிதர் தலைகாட்டிய இடம் அது ஒன்றுதான்.

அமெரிக்காவின் போட்டி ஆணையமான எஃப்.டி.சி. இணைப்பைத் தடுக்க 2022 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. 2023 ஜூனில் நீதிபதி ஜாக்குலின் ஸ்காட் கோர்லி முன்னால் ஐந்து நாள் விசாரணை. மைக்ரோசாஃப்ட் விளையாட்டுப் பிரிவின் அன்றைய தலைவர் ஃபில் ஸ்பென்சர் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, பிளேஸ்டேஷனில் கால் ஆஃப் டூட்டி தொடரும் என்றார். சத்யா நாதெல்லா வந்து, என் இஷ்டத்துக்கு விட்டால் பிரத்யேக விளையாட்டு என்கிற வழக்கத்தையே ஒழித்துவிடுவேன், அந்த விதியை வகுத்தவர் சந்தையில் முதலிடத்தில் இருப்பவர் என்றார், சோனியை மனதில் வைத்து. உலகின் மிகப் பணக்கார நிறுவனங்களில் ஒன்று 'நாங்கள் மூன்றாம் இடத்தில் இருக்கும் ஏழை' என்று வாதாடியதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஜூலை 11 அன்று தடை கேட்ட மனு தள்ளுபடியானது. தீர்ப்பில் நீதிபதி ஒரு பாராட்டும் சேர்த்திருந்தார்: இந்தக் கண்காணிப்புக்குப் பலன் கிடைத்துவிட்டது, கால் ஆஃப் டூட்டியைப் பத்தாண்டுகள் பிளேஸ்டேஷனில் வைத்திருப்பதாக மைக்ரோசாஃப்ட் எழுத்திலும், பொதுவிலும், நீதிமன்றத்திலும் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஐந்து நாளில் சோனி அந்த ஏற்பாட்டில் கையெழுத்துப் போட்டது. சோனியின் கேள்வி, சோனிக்கான விடை.

பிரிட்டனின் போட்டி ஆணையமான சி.எம்.ஏ.வை அந்த நாட்களில் நான் கேலி செய்தேன். 2023 ஏப்ரல் 26 அன்று அது ஒப்பந்தத்தைத் தடுத்தபோது சொன்ன காரணம் கிளவுட் கேமிங். கன்சோல் இல்லாமல் எங்கோ இருக்கும் சர்வரில் விளையாட்டு ஓட, அதன் படம் மட்டும் நம் திரைக்கு வரும் ஏற்பாடு. இன்னும் தவழ்கிற சந்தைக்காக இத்தனை பெரிய ஒப்பந்தத்தைத் தடுப்பதா என்று சிரித்தேன். மைக்ரோசாஃப்டின் பிராட் ஸ்மித், பிரிட்டனில் தங்கள் நாற்பதாண்டு வாழ்வில் இதுவே இருண்ட நாள் என்று புலம்பினார். ஐரோப்பிய ஆணையமோ அடுத்த மாதமே, பத்தாண்டு கிளவுட் உரிமம் தருகிறோம் என்கிற வாக்குறுதியை வாங்கிக்கொண்டு அனுமதித்துவிட்டது. ஆனால் சி.எம்.ஏ. ஒரு காரியம் செய்தது. கன்சோல் பற்றிய சோனியின் கவலையை எண்களை வைத்துச் சரிபார்த்தது. கால் ஆஃப் டூட்டியைப் பிளேஸ்டேஷனிலிருந்து பிடுங்கினால் மைக்ரோசாஃப்டுக்கே நட்டம் என்று கணக்கு வந்ததும், 2023 மார்ச்சில் அந்தக் குற்றச்சாட்டைத் தானாகவே கைவிட்டது. பிறகு தன் சொந்தக் கேள்வியைக் கேட்டது. விளைவாக, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே ஆக்டிவிஷனிடம் அப்போது இருந்த விளையாட்டுகள், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அது வெளியிடும் விளையாட்டுகள் எல்லாவற்றின் கிளவுட் உரிமையும் பிரெஞ்சு விளையாட்டு நிறுவனமான யுபிசாஃப்டுக்குப் போனது. அக்டோபர் 13 அன்று அனுமதி கிடைத்தது, அன்றே ஒப்பந்தமும் முடிந்தது. என் கேலியைத் திரும்பப் பெறுகிறேன். சின்னச் சந்தையாக இருந்தாலும் அது அவர்களே கண்டுபிடித்த கேள்வி.

இனிமேல் நடந்ததைத்தான் யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து 104ஆம் நாள், 2024 ஜனவரி 25. மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. மொத்தம் 22,000 பேரில். பிளிசார்டு பல ஆண்டுகளாக உருவாக்கிக்கொண்டிருந்த உயிர்பிழைப்பு விளையாட்டு ஒன்று கைவிடப்பட்டது. ஸ்பென்சரின் கடிதத்தில் காரணங்களோடு ஒரு சொல்: 'ஓவர்லேப்', அதாவது இரு பக்கமும் ஒரே வேலை நடக்கும் இடங்களைக் கண்டறிந்தோம் என்று. கோர்லியின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்திருந்த எஃப்.டி.சி. இதைப் பிடித்துக்கொண்டது. கடைக்காரர் ஆலையை வாங்குவது போன்ற இணைப்பு இது, ஆக்டிவிஷன் தனியாகவே இயங்கும் என்று நீதிமன்றத்தில் சொன்னீர்களே, இப்போது ஒரே வேலை எங்கிருந்து வந்தது என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு எழுதியது. இணைப்புக்கு முன்பே ஆக்டிவிஷன் ஆட்குறைப்புக்குத் திட்டமிட்டிருந்தது என்று மைக்ரோசாஃப்ட் பதில் சொன்னது. நல்ல கேள்விதான். ஆனால் 2022 டிசம்பர் மனுவில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒரு துறையில் வேலை கொடுக்கும் பெரிய இரண்டு கைகள் ஒன்றானால், வேலை தேடுபவருக்குத் தட்ட ஒரு கதவு குறைகிறது. இணைப்பை மதிப்பிடும்போது தொழிலாளர் சந்தையையும் பார்க்க வேண்டும் என்று எஃப்.டி.சி.யும் நீதித் துறையும் சேர்ந்து புதிய வழிகாட்டுதல் வெளியிட்டது 2023 டிசம்பரில். ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் கழித்து.

சந்தாவும் அப்படியே. இணைப்பின் பேரால், எக்ஸ்பாக்ஸின் மாதச் சந்தாத் திட்டமான கேம் பாஸின் விலை ஏறாது என்று வாதாடியிருந்தார்கள். அல்டிமேட் சந்தா மாதம் 16.99 டாலராக இருந்தது, 2024இல் 19.99 ஆனது, 2025 அக்டோபரில் 29.99 ஆனது. இணைப்பின் பேரால் ஏறியதா, வேறு எதன் பேரால் ஏறியதா என்பதை வழக்கறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். 2025 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் முழுவதும் சுமார் 9,000 பேர் வேலையிழந்தார்கள். 'பர்ஃபெக்ட் டார்க்' கைவிடப்பட்டது, அதை உருவாக்கிய ஸ்டுடியோவும் மூடப்பட்டது.

இதில் உள்ள வேடிக்கை, எல்லோரும் பயந்தது மட்டும் நடக்கவில்லை. கால் ஆஃப் டூட்டி பிளேஸ்டேஷனில் இருக்கிறது. அதோடு எக்ஸ்பாக்ஸின் சொந்தப் பிள்ளைகளான 'சீ ஆஃப் தீவ்ஸ்', 'ஃபோர்சா ஹொரைசன் 5' கூட அங்கே குடியேறிவிட்டன. 2025 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் கோர்லியின் தீர்ப்பை உறுதிசெய்தது, எஃப்.டி.சி. அதே மாதம் வழக்கைக் கைவிட்டது. பத்திரிகைகள் ஒரு பத்தியில் முடித்துவிட்டன.

சில மாதங்கள்தான் போயின. 2025 செப்டம்பரில் இன்னொரு பெரிய விளையாட்டு நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸை 5,500 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. வாங்குபவர்கள் சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம், சில்வர் லேக் என்கிற முதலீட்டு நிறுவனம், டிரம்பின் மருமகன் ஜாரெட் குஷ்னரின் முதலீட்டு நிறுவனமான அஃபினிட்டி பார்ட்னர்ஸ். தொகையில் 2,000 கோடி டாலர் கடன். மூவரில் யாரிடமும் கன்சோல் இல்லை, எனவே எந்த விளையாட்டு எந்தப் பெட்டியில் ஓடும் என்கிற சண்டைக்கே இடமில்லை. இந்த முறை ஆணையங்களிடம், நன்றாக விசாரியுங்கள், எங்கள் வேலை என்ன ஆகும் என்று கேளுங்கள் என்று முறையிட்டது விளையாட்டுத் துறை ஊழியர்களின் சங்கம். 2022இல் மைக்ரோசாஃப்டை வாழ்த்திய அதே சி.டபிள்யூ.ஏ.வின் கிளை அது. நானும் அவர்கள் பக்கம்தான் இருக்கிறேன், அப்போதும் இப்போதும். 2022இல் சண்டை போட்ட நண்பர்கள் கமென்டில் வந்து திட்டலாம்.