வைரம் சுத்தியலுக்கு உடையும், நிலக்கரியிலிருந்தும் வராது

மேலே ஒருவர், "நிலக்கரி பல காலம் அழுந்தினால் வைரமாகிவிடும். அசல் வைரம் சுத்தியலால் அடித்தாலும் உடையாது" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. இரண்டாவதை நம்பி யாராவது சோதித்துப் பார்த்தால் நல்ல கல் வீணாகிவிடும், அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

கனிமங்களின் கடினத்தன்மையைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10 என்பது கீறலுக்கான கணக்கு மட்டும்தான். அடி தாங்குவது வேறு விஷயம். வைரப் படிகத்துக்குள் நான்கு திசைகளில் பிளவுத் தளங்கள் உண்டு. அதை ஒட்டி அடி விழுந்தால் வழவழவென்று இரண்டாகப் பிளந்துவிடும். பெரிய கற்களைப் பிரித்ததே இப்படித்தான்: இன்னொரு வைரத்தால் சின்னப் பள்ளம் கீறி, அதில் மழுங்கிய தகட்டை வைத்து ஒரு தட்டு. 3,106 காரட் கல்லினன் வைரத்தை 1908-இல் ஆம்ஸ்டர்டாமில் இந்த முறையில்தான் பிளந்தார்கள்.

அப்புறம் நிலக்கரி. இயற்கை வைரங்களில் பெரும்பாலானவை 100 கோடி முதல் 350 கோடி ஆண்டுகள் பழையவை. நிலத்தில் தாவரங்கள் தோன்றியே சுமார் 47 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. செடியே இல்லாதபோது நிலக்கரி எங்கிருந்து வரும்? வைரம் விளைவது 150 கிலோமீட்டருக்கும் கீழே, புவியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள மூடகம் என்ற அடுக்கில். அங்கிருந்து கிம்பர்லைட் எரிமலைக் குழம்பு அதை வேகமாக மேலே தள்ளிவிடுகிறது. மெதுவாக வந்திருந்தால் வழியிலேயே, பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டாக மாறியிருக்கும்.

ஆய்வகத்தில்கூட நிலக்கரியை அழுத்துவதில்லை. கிராஃபைட்டைக் கடும் அழுத்தத்தில் சூடாக்குகிறார்கள், இல்லையென்றால் மீத்தேன் வாயுவைச் சிதைத்துப் படலம் படலமாக வளர்க்கிறார்கள்.