இலங்கையை வீழ்த்தியது இலவசங்களா?

"இலவசம் கொடுத்தே இலங்கை திவாலானது, அடுத்தது தமிழ்நாடுதான்" என்றொரு செய்தி சென்னைக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

இலங்கையில் இலவசக் கல்வி 1940களிலிருந்தே இருக்கிறது. நாடு திவாலானதோ 2022 ஏப்ரலில். அப்படியென்றால் இடையில் என்ன நடந்தது?

2019 இறுதியில் கோத்தபய ராஜபக்ச அதிபரானதும் மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. ஆண்டு விற்பனை 1.2 கோடி ரூபாயைத் தாண்டினாலே கட்ட வேண்டியிருந்த வரி, 30 கோடிவரை தேவையில்லை என்றானது. அரசு வருமானத்தில் இப்படி விழுந்த பள்ளம் ஏழைக்குக் கொடுத்ததால் வந்ததல்ல, வசதியானவர்களிடம் வாங்காமல் விட்டதால் வந்தது. பள்ளத்தை மத்திய வங்கி பணம் அச்சடித்து நிரப்பியது. அப்புறம் கொரோனாவில் சுற்றுலா படுத்தது. 2021இல் ரசாயன உரத்துக்குத் திடீர் தடை வர, நெல் விளைச்சல் சரிந்தது. டாலர் வற்றிக்கொண்டிருந்தபோதே, 2022 ஜனவரியில் 50 கோடி டாலர் பத்திரக் கடனை முழுசாகக் கட்டினார்கள். சில வாரங்களில் மக்கள் பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றார்கள்.

தமிழ்நாட்டுத் திட்டங்களை விமர்சிக்கலாம், அது வேறு விவாதம். ஆனால் ஒரு மாநிலம் ரூபாயை அச்சடிப்பதில்லை, அதன் கடனுக்கு ஒன்றிய அரசு வரம்பு வைக்கிறது.

பொறுப்பு யாருடையது என்பதை இலங்கை உச்ச நீதிமன்றமே 2023 நவம்பரில் சொல்லிவிட்டது: கோத்தபய, மகிந்த, பசில் ஆகிய ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்ட சில அதிகாரிகளும் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள்.