முறுமுறுக்கிற மோட்டர்

(மட்டக்களப்பு, கல்லடி. ஞாயிறு காலை 6.45. ஆராதனை 8 மணிக்கு. கிணத்தடியில் மருமகன், தலை நிறைய சம்போ நுரை. மாமி வெள்ளைச் சாரியோடு புறப்பட்டு நிற்கிறார். விடிய வெள்ளனயே வாளியால் அள்ளிக் குளித்தாயிற்று. மாமிக்கு மோட்டர் தண்ணி குளிர்ச்சியில்லையாம்.)

மருமகன்: மாமி, மோட்டர் சுத்துது, தண்ணி வருதில்ல!

மாமி: எவ்வளவு நேரமா ஓடுது?

மருமகன்: பத்து நிமிசம் இரிக்கும். ஓட ஓட வரும்தானே எண்டு விட்டிரிக்கன்.

மாமி: ஐயோ, முதல்ல ஓஃப் பண்ணு மனே! உள்ளுக்க தண்ணி ஒழுகாமத் தடுக்கிற சீல் எண்டு ஒண்டு இரிக்கி. ஓடுற தண்ணிதான் அதக் குளிர வைக்கிற. வெறுமன ஓடினா சூடேறிக் கருகும். மறுகா தண்ணி வந்தாலும் சாப்டு, அந்தச் சுத்துற தண்டு, அது வழியா ஒழுகும்.

(நிறுத்துகிறான். நிறுத்திவிட்டு ஸ்பானரால் மோட்டரின் தலையில் இரண்டு போடு போடுகிறான்.)

மாமி: மோசே ரெண்டு தரம் அடிச்சுத்தான் கானானுக்குள்ள கால் வைக்கேலாமப் போன. எண்ணாகமம் 20.

மருமகன்: ஆனா தண்ணி வந்ததே மாமி. "ஏராளமாய்" எண்டுதானே எழுதியிரிக்கி?

மாமி: (கொஞ்சம் யோசித்து) அது கன்மலை. இது சீனாச் சாமான்.

மருமகன்: வாங்கின நாள்ல இரிந்து இதால ஒரு நிம்மதி இல்ல.

மாமி: முறுமுறுக்காத.

மருமகன்: முறுமுறுக்கிறது நானில்ல, மோட்டர்.

மாமி: சுத்தாம, நிண்ட இடத்துல நிண்டு "ம்ம்ம்" எண்டா அநேகமா சுத்தத் தொடக்கிவிடுற கப்பாசிட்டர் போயிட்டு எண்டு அர்த்தம். இது நல்லாச் சுத்துது. பைப்புக்குள்ள காத்து நிறைஞ்சிரிக்கி, அவ்வளவுதான். காத்த வைச்சு அதால தண்ணி இழுக்கேலா. சரி, 1 தெசலோனிக்கேயர் 5:18 சொல்லு.

மருமகன்: இப்பவா? "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்." கண்ணுக்குள்ள சம்போ போனதுக்குமா?

மாமி: அதுக்குத்தான் எழுத்துப் பாத்துப் படிக்கோணும். "எல்லாவற்றிலேயும்." உள்ளுக்க நிண்டுகொண்டு ஸ்தோத்திரம். சம்போவுக்காக எண்டு ஆர் சொன்ன?

மருமகன்: பவுல். எபேசியர் 5:20. "எப்பொழுதும் எல்லாவற்றிற்காகவும்."

(மாமி வாயடைத்து நிற்கிறார். ஒரு காகம் கத்துகிறது.)

மாமி: ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்பினது வீண் போகல்ல. ஆனா கேள். தாவீது 13ஆம் சங்கீதத்துல எப்பிடித் தொடங்குறார்? "எதுவரைக்கும், எதுவரைக்கும்" எண்டு. முதல்ல உள்ளதக் கொட்டுறார். ஆறாம் வசனத்துலதான் "பாடுவேன்" எண்டு வாறார். பழுதப் பழுது எண்டு சொன்னா ஆண்டவர் கோவிக்க மாட்டார். பழுத நல்லம் எண்டு நடிக்கச் சொல்லி வேதத்துல எங்கயும் இல்ல.

மருமகன்: அப்ப சரி. மோட்டர் பழுது. எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம். முடிஞ்சுதா?

மாமி: மோட்டர் திருத்துற பாஸிட்டப் போய் "மோட்டர் பழுது" எண்டு மட்டும் சொன்னா என்ன கேப்பார்? எவடம் எண்டு கேப்பார். ஸ்தோத்திரமும் அப்பிடித்தான். எவடம் எண்டு பிடிச்சுச் சொல்லோணும்.

மருமகன்: கரண்ட் இரிக்கி. ஸ்தோத்திரம்.

மாமி: ம்.

மருமகன்: கிணத்துல தண்ணி 12 அடியிலயே இரிக்கி.

மாமி: அதுதான் பெரிய ஸ்தோத்திரம். 25 அடிக்குக் கீழ போயிரிந்தா, மேல நிண்டு உறிஞ்சிற இந்த மோட்டரால ஏலாது.

மருமகன்: வேற ஒண்டும் ஞாபகம் வருதில்ல. கண் எரியுது.

மாமி: வாளியும் கயிறும்? "மோட்டர் இரிக்கேக்க இந்தத் தும்புக் கயிறு என்னத்துக்கு, எறிங்க" எண்டது ஆர்? சமாரியா ஸ்திரீ ஆண்டவரிட்டயே சொன்னவ, "மொண்டுகொள்ள உம்மிடத்தில் பாத்திரமில்லையே, கிணறும் ஆழமாயிருக்கிறதே" எண்டு. 1814ல மிசனரி வில்லியம் ஓல்ட் ஐயர் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கேக்க மோட்டர் பூட்டியா குளிச்சவர்?

மருமகன்: அவர் அடுத்த வருசமே காலமாயிட்டாரே மாமி.

மாமி: (குரலைத் தாழ்த்தி) அது குளிச்சதால இல்ல. சரி, மோட்டருக்கு மேல இரிக்கிற மூடியக் கழட்டு, காத்துப் போகத் தண்ணி ஊத்தோணும். ஒரு இஞ்சிப் பைப், 15 அடி. அதுக்கு ரெண்டரை லீட்டர், மோட்டர் வயித்துக்கு ஒண்டரை. நாலு லீட்டர் ஊத்தினா வாய் வரைக்கும் வரோணும். மெல்லமா ஊத்து, காத்து முட்டையா வெளிய வரட்டும்.

(வாளியில் மிச்சமிருந்த தண்ணியை ஊத்துகிறான்.)

மருமகன்: வாளி முடிஞ்சுது. ஆறு லீட்டராவது போயிரிக்கும். நிறையுதில்ல, இறங்குது.

மாமி: அப்ப இடம் தெரிஞ்சு போச்சு. நிறைஞ்சு நிண்டு, ஓட்டேக்க மட்டும் விட்டு விட்டு வந்தா, மேல மூட்டுல காத்து இழுக்குது. வெள்ளை டேப்ப புரி போற பக்கமா ஏழெட்டுச் சுத்து சுத்தினாச் சரி. ஊத்த ஊத்த இறங்கினா, பைப் அடியில தண்ணியத் திரும்ப இறங்க விடாமப் பிடிக்கிற புட் வால்வு மூடல்ல. பைப்பத் தூக்கு.

(இழுத்துத் தூக்குகிறான். வால்வைக் கழற்றி, விரலை விட்டுத் தடவுகிறான்.)

மருமகன்: மாமி, எவடம் எண்டு பிடிச்சிட்டன்.

மாமி: மணலா? அடியில இரிந்து ஒரு அடியாவது உயத்திக் கட்டச் சொன்ன நான்.

மருமகன்: மணல் இல்ல. நாக்குக்கும் றப்பருக்கும் நடுவால ஒரு நூல் மாதிரி. இதாலதான் இரவிரவாத் தண்ணி இறங்கியிரிக்கி.

மாமி: என்ன நூல்?

மருமகன்: தும்பு. கயித்துத் தும்பு. நாளாந்தம் விடிய வெள்ளன இறங்குற வாளிக் கயித்துத் தும்பு.

(மாமி கிணத்துக்கட்டில் கிடக்கும் கயிற்றைப் பார்க்கிறார். பிறகு வானத்தைப் பார்க்கிறார்.)

மருமகன்: மாமி, இது "இதிலேயும்" ஸ்தோத்திரமா, "இதற்காகவும்" ஸ்தோத்திரமா?

மாமி: நைலோன் கயிறு இப்ப முழம் என்ன விலை மனே?

மருமகன்: நான் கேட்டதுக்கு வசனம் சொல்லுங்க.

மாமி: வசனம் பிறகு. மணி ஏழேகால். வால்வக் கழுவிப் பூட்டு, பைப்ப இறக்கு, திரும்ப நாலு லீட்டர் ஊத்தோணும்.

மருமகன்: தண்ணிக்கு எங்க போற?

மாமி: கிணத்துலதான்.

(மருமகன் அதே கயிற்றைப் பிடித்து வாளியை இறக்குகிறான். சம்போ காய்ந்து தலைமயிர் முள்ளாய் நிற்கிறது.)

மாமி: மெல்லமா இழு மனே. தும்பு விழும்.